ஃபேர் காப்பி

சுபிக்ஷா அன்றைக்கு டாக்குரியா ஸ்டேஷனில் என்ன சொன்னாள் என்பது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒன்பது வருடங்களாக அதை ஒரே மாதிரிதான் நினைவில் வைத்திருந்தேன். மழை விட்ட பிளாட்பாரம், ஈரமான பெஞ்சு, அவள் கையில் மண்குவளையில் தேநீர். "காக்கு, அப்பா வான்னு சொன்னா வருவேன். வேற யார் சொன்னாலும் வர மாட்டேன்." இதில் இரண்டாவது வாக்கியத்தை அவள் சொன்னாளா, வீடு திரும்பும் வழியில் நான் சேர்த்துக்கொண்டேனா என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ரயில் வந்துகொண்டிருந்தது. அவள் அரைக் குவளைத் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு ஏறிப் போனாள். அதில் மட்டும் சந்தேகமில்லை.

அவள் சேஷாத்ரி சாரின் ஒரே பெண். சார் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்தார். ஓய்வு பெற்றபிறகு டாக்குரியாவில் அவர் வாங்கிய ஃப்ளாட் இரண்டாம் மாடியில். என்னுடையது அதே கட்டடத்தில் தரைத்தளத்தில். எனக்குக் குடும்பம் கிடையாது, புத்தகங்கள் உண்டு. சுபிக்ஷா பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை வங்காளிகள் மாதிரி காக்கு என்றுதான் கூப்பிடுவாள். சாருக்கு அது பிடிக்காது. "சித்தப்பான்னு சொல்லேன், என்ன காக்கு, காக்கான்னுண்டு" என்பார். அவளுக்குத் தமிழை விட வங்காளம் நன்றாக வந்தது. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

முப்பத்துநாலு வருடம் என் வேலை குறிப்பு எழுதுவது. எங்கள் ஆபீஸ் ஆங்கிலத்தில் கீழே இருப்பவன் மேலே இருப்பவருக்கு 'ஷுட்' என்று எழுத முடியாது. 'மஸ்ட்' என்பது சிக்னலுக்கும் எஞ்சின் டிரைவருக்கும் மட்டும். கூரை இடிந்து தலையில் விழுந்துகொண்டிருந்தாலும், பழுதுபார்ப்பது பற்றித் தாங்கள் அன்புகூர்ந்து பரிசீலிக்கலாம், 'மே கைண்ட்லி கன்சிடர்' என்றுதான் எழுதுவோம். படிக்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும். நான் எழுதுவது டிராஃப்ட். அது சாரிடம் போகும். அவர் சிவப்பு மையால் திருத்துவார். ஒரு சொல்லை அடித்துவிட்டு, அது இருக்கட்டும் என்று மனம் மாறினால், அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் அந்தச் சொல் பிழைத்தது என்று அர்த்தம். பிறகு நான் அடித்தல் திருத்தல் இல்லாமல் ஃபேர் காப்பி எடுப்பேன். வெளியே போவது ஃபேர் காப்பி மட்டும்தான்.

வீட்டிலும் அதே சட்டம்தான். சாப்பாட்டு மேஜையில் ஆங்கிலம் பேச வேண்டும் என்பது சாரின் ஏற்பாடு. பெண் 'கேன் ஐ கோ' என்று ஆரம்பித்தால், "போக முடியும், ரெண்டு கால் இருக்கே. போகலாமான்னு கேளு" என்பார். அவள் 'மே ஐ' என்று மாற்றிக் கேட்கும்வரை ரசக் கரண்டியைக் கையிலேயே வைத்திருப்பார். சாரின் மனைவி வத்சலா மாமி, "ரசம் ஆறிப்போறது, உங்க இலக்கணத்துல ஊத்திண்டு சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அப்படி வளர்ந்த பெண், ஜாதவ்பூரில் தன்னோடு படித்த அனிர்பனைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாக ஒருநாள் வந்து நின்றபோது, சாரை வருத்தியது பையன் வங்காளி என்பதல்ல என்று நினைக்கிறேன். "இவ கேக்கலை பத்மநாபன், சொல்றா" என்றார் என்னிடம். கல்யாணத்துக்கு முதல்நாள் அவள் பத்திரிகையை அவர் மடியில் வைத்து, 'யூ மஸ்ட் கம், அப்பா' என்றாள். நானும் அங்கே இருந்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மஸ்ட் சொல்ல ஜெனரல் மேனேஜருக்கே தைரியம் வந்ததில்லை" என்றார். கல்யாணம் நடந்த ஜாதவ்பூர் எங்கள் ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன். ரயிலில் நாலு நிமிஷம். அவர் போகவில்லை. மாமியையும் போகவிடவில்லை. நான் போனேனா என்றால், நானும் போகவில்லை. கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். அந்த மாதமே அவர்கள் கனடாவில் ஹாலிஃபாக்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிறுதோறும் மாமியும் பெண்ணும் போனில் பேசுவார்கள். சார் பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த அரைமணி நேரமும் ஒரு பக்கம்கூடத் திரும்பாது.

போன வருடம் ஆகஸ்டில் சாருக்குக் காய்ச்சல் என்று ஆரம்பித்தது. சிறுநீரகம் பழுதாகியிருந்தது தெரியவந்தபோது அவரைப் பக்கத்திலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருந்தோம். சேர்ப்பதற்கு முன்பே மாமியிடம் சத்தியம் வாங்கிவிட்டார். பெண்ணிடம் காய்ச்சல் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, வா என்று கூப்பிடவே கூடாது.

வியாழக்கிழமை டாக்டரம்மா என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு பெண் என்றேன். 'ஷி ஷுட் கம்' என்றார். எப்போதைக்குள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு அடுத்த அறைக்குள் போனார்.

மாமி படிக்கட்டு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நான் சத்தியம் பண்ணித் தொலைச்சிருக்கேன். நீங்க பண்ணலையே. நீங்க கூப்பிடுங்கோ" என்றாள்.

அன்று சாயங்காலம் ஹாலிஃபாக்ஸுக்குப் போன் செய்தேன். அங்கே காலை. "காக்கு! கேமோன் ஆச்சோ?" என்றாள் சந்தோஷமாக. பின்னால் ஏதோ யந்திரம் ஓடும் சத்தம். அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை.

"நன்னா இருக்கேன்."

"அப்பாக்கு எப்படி இருக்கு? காய்ச்சல்னு அம்மா சொன்னா."

"ஆமாம். காய்ச்சல்."

பிறகு நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. எனக்கு மௌனம் பழக்கம். புத்தகத்தோடு இருக்கும்போது நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் அந்த மௌனத்திலிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை. சொல்லவேண்டிய வாக்கியம் தொண்டை வரை வந்து, இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டது. அப்பா சொன்னால்தான் வருவேன் என்று ஸ்டேஷனில் சொன்ன பெண் இவள். அப்பா சொல்லவில்லை.

"அங்க மழையா காக்கு?" என்றாள் கடைசியில்.

"மழைதான்" என்றேன். வைத்துவிட்டேன்.

பேச முடியாதவன் எழுதலாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தாளை எடுத்து எழுதினேன். என் பேரோடு சேர்த்து மூன்றே வரி. உன் அப்பாவின் உடல்நிலை மிகவும் மோசமாக இருக்கிறது. நீ வர வேண்டும். 'யூ ஷுட் கம்.' அந்தச் சொல்லை என் கையால் எழுதியபோது, யாரோ பார்த்துவிடுவார்கள் என்பதுபோல் இருந்தது.

அதைப் போனில் தட்டி அனுப்பியிருக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. மடித்துப் புத்தகத்துக்குள் வைத்து, மறுநாள் நாலு மணிக்கு நர்சிங் ஹோமுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சார் பார்க்காத ஒரு தாள் என் கையை விட்டு வெளியே போனதில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

மாமி கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சார் தலையணையில் சாய்ந்திருந்தார். மணிப்பூரிலிருந்து வந்த நர்ஸ் பெண் மாத்திரையை நீட்டி, 'கேன் யூ டேக் திஸ், அங்கிள்?' என்றாள்.

"கேன்தான். வில் யூன்னு கேளு" என்றார் சார் தமிழிலேயே. அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே மாத்திரையை அவர் வாயில் போட்டாள்.

அவள் நகர்ந்ததும் நான் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"என்னது?"

"டிராஃப்ட் சார். சுபிக்ஷாவுக்கு."

கத்துவார் என்று நினைத்தேன். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணாடி."

எடுத்துக் கொடுத்தேன்.

"யார் எழுதச் சொன்னா? மாமியா?"

"இல்லை சார். டாக்டர் சொன்னா. நானா எழுதினேன்."

"நீங்களா எழுதற ஆளா நீங்க" என்றார். அதில் கோபம் இல்லை. தாளைக் கீழே இறக்கி, "பேனா" என்றார். நான் என் பேனாவை நீட்டினேன். "சிவப்பு" என்றார். நர்ஸ் மேஜையிலிருந்து வாங்கி வந்தேன்.

தாளை என் புத்தகத்தின் அட்டையில் வைத்துக்கொண்டு திருத்த ஆரம்பித்தார். 'சீரியஸ்லி இல்' என்பதில் முதல் சொல்லை அடித்தார்.

"சீரியஸ்லி வேண்டாம். கொழந்தை பயந்துடுவா."

ஒன்பது வருடத்தில் அவர் அவளை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். வெளியே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மறுபடி திரும்பியபோது பேனா இரண்டாவது வரியில் நின்றிருந்தது. 'ஷுட்' மேல் ஒரு கோடு. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அதன் கீழே ஒன்று, இரண்டு என்று புள்ளிகள் வைத்தார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் பேனாவை மறுபடி கொண்டுபோய் அதை இன்னும் அழுத்தி அடித்தார். மேலே எழுதினார்: 'மே கம், இஃப் கன்வீனியன்ட்.' ஓரத்தில் சுருக்கொப்பம், தேதி.

"ஷுட்டெல்லாம் சொல்ற எடத்துல நாம இல்லை, பத்மநாபன்" என்றார். "ஃபேர் காப்பி எடுத்து அனுப்புங்கோ. கீழ உங்க பேர். என் பேர் எங்கயும் வரப்படாது."

"சரி சார்."

அனுப்பினேன். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் திருத்தியபடியே எழுத்து மாறாமல் தட்டினேன். உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வசதிப்பட்டால் நீ வரலாம். பத்மநாபன். போன் கையில்தான் இருந்தது. அந்தத் தாளையே படம் எடுத்து அனுப்ப மூன்று விநாடி போதும். அந்த எண்ணம் வரவேயில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. திருத்திய டிராஃப்டை வெளியே அனுப்பக்கூடாது என்ற எண்ணமும் கூடவே வந்தது. தாளைப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

மாமி மருந்துப் பையோடு வந்து, என் போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"என்ன இது, டெண்டர் நோட்டீஸ் மாதிரி? இஃப் கன்வீனியன்டாமே! யாருக்குக் கன்வீனியன்ட், எமனுக்கா?"

போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"வான்னு ஒரு எழுத்து. ஒரே எழுத்து. அதை எழுதத் தெரியலையா உங்களுக்கு? நீங்க படிச்ச புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போடுங்கோ."

அது சார் எழுதியது என்று சொல்லியிருக்கலாம். தன் பேர் எங்கயும் வரப்படாது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். மாமி போனை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு திறந்தபோது சார் அவளிடம், "சுகர் டெஸ்ட் ரிப்போர்ட் வந்துதா?" என்று சாதாரணமாகக் கேட்பது காதில் விழுந்தது.

மறுநாள் காலை பதில் வந்தது. நன்றி காக்கு, பூஜைக்கு வர முயற்சி செய்கிறேன், அம்மாவை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள். மாமியிடம் காட்டினேன். அன்றிலிருந்து எனக்குக் காபி கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

சார் கேட்கட்டும் என்று இருந்தேன். சனி, ஞாயிறு கேட்கவில்லை. அந்த ஞாயிறு மாமி தாழ்வாரத்தில் நின்று பெண்ணோடு பேசினாள். அடுத்த தெருவில் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசினாள். தேங்காய் விலை பேசினாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவர் குரல் மிகவும் இறங்கியிருந்தது. நான் குனிந்து கேட்கவேண்டியிருந்தது.

"பதில் வந்துதா?"

"வந்தது சார். பூஜைக்கு வர முயற்சி பண்றாளாம்."

"பூஜை என்னிக்கு?"

"அடுத்த மாசக் கடைசி."

அவர் கூரையைப் பார்த்தார். விரல்கள் போர்வையில் ஏதோ கணக்குப் போடுவதுபோல் அசைந்தன.

"நான் வேணா இன்னொரு தரம் எழுதறேன் சார்" என்றேன்.

"ரிமைண்டரா?"

"ஆமாம் சார்."

"லெட்டர் போய் எத்தனை நாளாச்சு?"

"நாலு."

"ரிமைண்டருக்குப் பத்து நாள் ஆகணும்" என்றார். உதடு ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியது. சிரித்தார் என்று நினைக்கிறேன். ஆபீஸ் நாளிலிருந்து எங்களுக்குள் இருந்த வேடிக்கைதான் அது. வேடிக்கையாகச் சொன்னாரா, உத்தரவாகச் சொன்னாரா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். "சரி சார்" என்றேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது.

புதன்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு சார் போய்விட்டார். மாமி தாழ்வாரத்துக்கு வந்து தன் போனில் தானே பெண்ணைக் கூப்பிட்டாள். "வா" என்றாள். எனக்குக் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

சுபிக்ஷா சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தாள். பெங்களூரிலிருந்து வந்த மாமியின் தம்பி பிள்ளை அக்ஷய் எல்லாவற்றையும் முடித்திருந்தான். அவள் முன்னறையில் சாரின் நாற்காலிக்கு எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்பக்கம் முடி நரைத்திருந்தது. இதற்கு ஒன்பது வருடம் போதும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மாமி சமையலறையில் இருந்தாள். நான் புத்தகத்திலிருந்து தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

சிவப்பு மையைப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. அவளுக்கு எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டுரைகளெல்லாம் அந்தக் கையால் அப்படித் திருத்தப்பட்டவைதான். 'ஷுட்' மேல் விரலை வைத்தாள். கோடு, கீழே புள்ளிகள், மேலே மறுபடி அழுத்தமான கோடு. புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அப்பா பார்த்தாரா இதை?"

"அவர்தான் திருத்தினார். 'மே கம்' அவர் எழுதினது."

"இதை ஏன் அனுப்பலை காக்கு?"

"ஃபேர் காப்பிதான் அனுப்பணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு நாள் டிக்கெட் பார்த்துண்டே இருந்தேன்" என்றாள். "நீங்க அப்பாக்குத் தெரியாம எழுதறேள்னு நினைச்சேன். நான் பாட்டுக்கு வந்து நின்னு, அவர் நர்ஸ் முன்னாடி மூஞ்சியத் திருப்பிண்டுட்டார்னா? அந்த பயம்தான். பூஜைக்குன்னா எல்லாரும் வருவா, நானும் அதோட வந்த மாதிரி இருக்கும்னு..." நிறுத்திக்கொண்டாள். "அவர் பார்த்திருக்கார்னு மட்டும் தெரிஞ்சிருந்தா."

"அன்னிக்கு ஸ்டேஷன்ல நீ சொன்னியே" என்றேன். "அப்பா வான்னு சொன்னா வருவேன், வேற யார் சொன்னாலும்..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானா? எந்த ஸ்டேஷன்ல?"

"டாக்குரியாவில. டீ குடிச்சிண்டிருந்தே."

"தெரியலை காக்கு. அப்போ என்னென்னமோ சொல்லியிருப்பேன்" என்றாள். உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

மாமி மூன்று டம்ளரில் காபி கொண்டு வந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள். பெண்ணின் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். எல்லாவற்றையும் படித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

சுபிக்ஷா பதிமூன்று நாளும் இருந்துவிட்டு ஹாலிஃபாக்ஸ் திரும்பினாள். டிசம்பரில் அனிர்பன் வந்து மாமியை அழைத்துப் போனான். அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறார்கள். அக்ஷய் பெங்களூரில் இருக்கிறான். இரண்டாம் மாடி ஃப்ளாட்டை ஒரு வங்காளிக் குடும்பம் வாங்கிக்கொண்டது. நான் தரைத்தளத்திலேயே இருக்கிறேன். டிராஃப்ட் சுபிக்ஷாவிடம் இருக்கிறது. என்னிடம் நகல் இல்லை.